குறுந்தட்டு கெடுவதற்கு முன்: வட்டுப் படிமத்தைத் திறக்கும் ஐந்து வழிகள்

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டை ஒரு முறை தேடிப் பாருங்கள். அண்ணன் அக்காவின் திருமணப் படங்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழாப் பதிவு, தாத்தா எழுதிய நாடகம் என்று ஏதாவது ஒரு குறுந்தட்டில் (சி.டி.) கிடக்கக்கூடும். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் குறுந்தட்டு இடும் பெட்டியே இல்லை. வீட்டில் எழுதப்பட்ட குறுந்தட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெளிச்சமும் வெப்பமும் ஈரப்பதமும் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஜொகூரில் இம்மூன்றுக்கும் குறைவில்லை.

பெக்கான் நானாஸ் போன்ற சிறு பட்டணங்களில் இதை இன்னும் கவனமாக எண்ண வேண்டும். பெரிய நிறுவனங்களின் வெளியீடுகள் எங்காவது ஒரு நூலகத்தில் இன்னொரு படியாக இருக்கும். ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்கு அலமாரியில் இருக்கும் அந்தத் தட்டே ஒரே படியாக இருக்கலாம். அதைக் காப்பாற்ற உதவும் ஒரு நுட்பத்தை இந்த வாரம் கற்போம். அதன் பெயர் வட்டுப் படிமம். படிமம் எடுப்பது பாதி வேலை. அதைக் கணினியில் பொருத்தித் திறப்பது மறுபாதி.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாதா?

மலாயில் 'பெக்கான்' என்றால் சிறு நகரம், 'நானாஸ்' என்றால் அன்னாசி. அன்னாசி ஊருக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டையே பார்ப்போம். பழத்தைச் சீவித் துண்டுகளாக்கிக் கிண்ணத்தில் போட்டால் சாப்பிடலாம். ஆனால் கொண்டையை எறிந்துவிட்டால் மறுபடி நட முடியாது. அன்னாசியின் கொண்டையை மண்ணில் ஊன்றினால் அது புதுச் செடியாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

குறுந்தட்டிலிருந்து வேண்டிய கோப்புகளை மட்டும் இழுத்து எடுப்பது துண்டு போடுவதைப் போன்றது. தட்டின் பெயர், கோப்புறைகளின் ஒழுங்கு, கோப்புகளின் தேதி, கணினியைத் தொடக்கி வைக்கும் பகுதி ஆகியவற்றில் சில விடுபட்டுப் போகலாம். படிமம் எடுப்பது கொண்டையோடு பழத்தை எடுத்து வைப்பது. அதிலிருந்து பின்னாளில் அதே உள்ளடக்கம் கொண்ட இன்னொரு தட்டை எழுத முடியும்.

தமிழருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையையும் எழுத்துருவையும் வைத்திருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள் வந்தன. திஸ்கி என்பது இன்னொன்று. அக்காலத்தில் தட்டச்சிட்ட ஓர் ஆவணத்தை அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தெரியும்.

அந்த ஆவணத்துக்குரிய எழுத்துரு அதே தட்டில் வேறொரு கோப்புறையில் இருந்திருக்கலாம். "இது எதற்கு?" என்று அதை விட்டுவிட்டு ஆவணத்தை மட்டும் நகலெடுத்தவர் பூட்டை எடுத்துக்கொண்டு சாவியை எறிந்தவர் ஆவார். முழுப் படிமம் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. எது தேவை, எது தேவையில்லை என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதும் இல்லை.

படிமத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

குறுந்தட்டின் தகவல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பிரிவம் என்று பெயர். ஒரு பிரிவத்தில் 2,048 பைட் தகவல் இருக்கும். 80 நிமிடத் தட்டு ஒன்றில் நொடிக்கு 75 பிரிவங்கள். கணக்கிட்டுப் பாருங்கள்:

80 × 60 × 75 = 3,60,000 பிரிவங்கள்
3,60,000 × 2,048 = 73,72,80,000 பைட்

தட்டின் உறையில் 700 எம்.பி. என்று போட்டிருப்பது இதைத்தான். முதல் பிரிவத்திலிருந்து கடைசிப் பிரிவம் வரை வரிசை மாறாமல் எழுதி ஒரே கோப்பாக வைத்தால் அதுவே வட்டுப் படிமம். அதன் பெயர் பெரும்பாலும் 'ஐஎஸ்ஓ' என்று முடியும். 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 9660 என்னும் குறுந்தட்டுக் கோப்பு முறைமைத் தரத்தால் வந்த பெயர் அது.

இந்தத் தரத்தின்படி முதல் 16 பிரிவங்கள் கணினியின் தேவைக்காக ஒதுக்கப்பட்டவை. 17-ஆவது பிரிவத்தில்தான் தட்டைப் பற்றிய விவரம் தொடங்கும். அதன் தொடக்கத்தில் 'சி, டி, 0, 0, 1' என்னும் ஐந்து குறிகள் இருக்கும். இயங்குதளம் அந்த இடத்துக்குப் போய் இந்த ஐந்தையும் படித்துத்தான் "இது குறுந்தட்டுப் படிமம்" என்று அறிந்துகொள்கிறது. கோப்பின் பெயர் 'ஐஎஸ்ஓ' என்று முடிவதால் மட்டும் அது படிமம் ஆகிவிடாது.

பாட்டுத் தட்டுகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் கோப்பு முறைமையே இல்லை, ஒலித்தடங்கள் மட்டுமே உண்டு. அவற்றை எடுக்கத் தனி மென்பொருள்கள் உள்ளன.

படிமம் எடுத்தல்

இதற்கு வெளியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் குறுந்தட்டுப் பெட்டி வேண்டும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 'டிடி' என்னும் பழைய கட்டளை ஒரு கருவியிலிருந்து பைட்டுகளை அப்படியே படித்துக் கோப்பாக எழுதும். கீறல் விழுந்த தட்டு என்றால் 'டிடிரெஸ்க்யூ' என்னும் மென்பொருள் நல்லது. அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனிக் கோப்பில் குறித்தும் வைக்கும்.

ஓர் எச்சரிக்கை: 'டிடி' கட்டளையில் எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால், எழுதக்கூடிய எந்த வட்டையும் அது கேள்வி கேட்காமல் அழித்து எழுதும். இடுமுன் இரு முறை படியுங்கள். முதல் தடவை ஆசிரியரையோ விவரம் தெரிந்த பெரியவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிமம் எடுத்ததும் அதன் 'ஷா-256' மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த மதிப்பு 64 குறிகள் கொண்டதாகவே இருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கிட்டு அதே மதிப்பு வந்தால், படிமம் கெடவில்லை என்று நம்பலாம்.

பொருத்துதல் என்றால் என்ன?

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு வட்டுக்கும் சி, டி, இ என்று ஓர் எழுத்து உண்டு. யூனிக்ஸ் வழி வேறு. அங்கே எத்தனை வட்டுகள் இருந்தாலும் கோப்புறைகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். புதிதாக ஒரு வட்டு வந்தால், மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையைத் தேர்ந்து, வட்டின் கோப்பு மரத்தை அந்த இடத்தில் ஒட்டுவோம். ஒட்டுச்செடி கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தக் கோப்புறைக்குள் போனால் வட்டுக்குள் போய்விடுவோம். இதையே பொருத்துதல் என்கிறோம். கட்டளையின் பெயர் 'மவுண்ட்'.

கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971-இல் வந்தது. அந்தக் கையேட்டிலேயே 'மவுண்ட்' இருக்கிறது. இன்று நீங்கள் இடும் கட்டளைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது.

ஆனால் ஒரு சிக்கல். 'மவுண்ட்' எதிர்பார்ப்பது ஒரு வட்டுக் கருவியை. அதாவது, "எத்தனையாவது பிரிவம் வேண்டும்?" என்று கேட்டால் எடுத்துத் தரும் ஒன்றை. நம்மிடம் இருப்பதோ வெறும் கோப்பு. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடையாள் தேவை. அந்த இடையாள் இயங்குதளத்திடம் தன்னை வட்டு என்று காட்டிக்கொள்ளும். "400-ஆவது பிரிவத்தைக் கொடு" என்று கேட்டால், கோப்பில் அதற்குரிய இடத்துக்குப் போய் 2,048 பைட்டுகளை எடுத்துக் கொடுக்கும்.

யூனிக்ஸ் குடும்பம் முழுவதிலும் வேலை இந்த இரண்டே படிதான்: முதலில் இடையாளை அமர்த்துவது, பிறகு பொருத்துவது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுவது பெரும்பாலும் இடையாளின் பெயர்தான். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

ஐந்து வீட்டில் ஐந்து பெயர்

(கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள்.)

1. லினக்ஸ்: இடையாளின் பெயர் 'லூப்'. இன்றைய லினக்ஸில் 'மவுண்ட்' கட்டளையிடம் படிமக் கோப்பையும் கோப்புறையையும் காட்டினால், லூப் கருவியை அதுவே அமர்த்திக்கொள்ளும். 'ஆர்ஓ' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் படிக்க மட்டும் திறக்கும். கட்டளை இட விரும்பாதவர்கள் உபுண்டு போன்ற தளங்களில் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, வட்டுப் படிமம் பொருத்தும் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம்.

2. ஃபிரீபிஎஸ்டி: இங்கே இரண்டு படிகளும் தனித்தனியே தெரியும். முதலில் 'எம்டிகான்ஃபிக்' கட்டளை படிமத்தை 'எம்டி0' என்னும் கருவியாக்கும். பிறகு அந்தக் கருவியை 'மவுண்ட்' கட்டளையால் பொருத்த வேண்டும். கோப்பு முறைமையின் வகையைச் 'சிடி9660' என்று சொல்ல வேண்டும்.

3. ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி: இடையாளின் பெயர் 'விஎன்டி'. ஓப்பன்பிஎஸ்டியில் 'விஎன்கான்ஃபிக்' கட்டளை அதை அமர்த்தும். அங்கே 'சி' என்னும் பகுதி முழு வட்டையும் குறிக்கும். ஆகவே 'விஎன்டி0' என்பதோடு 'சி' சேர்த்துப் பொருத்த வேண்டும். நெட்பிஎஸ்டியில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிகளில், முழு வட்டுக்கு 'டி' என்ற எழுத்து. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தடுமாறும் இடம் இது.

4. மெக்ஓஎஸ்: படிமத்தை இரு முறை சொடுக்கினாலே போதும். கட்டளை வழியாகப் பொருத்த 'எச்டிஐயூட்டில்' என்னும் கருவி உண்டு. பொருத்தப்பட்ட வட்டு 'வால்யூம்ஸ்' என்னும் கோப்புறைக்குள் தோன்றும். ஆப்பிளுக்கு 'டிஎம்ஜி' என்னும் சொந்தப் படிம வடிவமும் உண்டு. கூடுதல் செய்தி: மெக் கணினியோடு வரும் 'இணைமதி' தமிழ் எழுத்துரு, முன்னே சொன்ன முத்து நெடுமாறன் உருவாக்கியது.

5. சோலாரிஸ், இல்லுமோஸ்: இடையாள் 'லோஃபை'. அமர்த்தும் கட்டளை 'லோஃபைஅட்ம்'. பொருத்தும்போது வகையை 'எச்எஸ்எஃப்எஸ்' என்று சொல்ல வேண்டும். அதன் விரிவு ஹை சியரா கோப்பு முறைமை. 1985-இல் குறுந்தட்டு நிறுவனங்கள் கூடிப் பொதுவான ஒரு வடிவம் வேண்டும் என்று பேசிய அமெரிக்க ஓட்டலின் பெயர் ஹை சியரா. அந்தப் பேச்சின் விளைவே பின்னர் ஐஎஸ்ஓ 9660 ஆயிற்று.

மெக்ஓஎஸ் தவிர மற்றவற்றில் கட்டளை வழியாகப் பொருத்த நிர்வாகி உரிமை தேவைப்படும். லினக்ஸில் 'சூடோ', ஓப்பன்பிஎஸ்டியில் 'டூஆஸ்' என்று முன்னால் சேர்ப்பார்கள். வீண் கட்டுப்பாடு அன்று இது. யாரோ கொடுத்த படிமத்தில் தீங்கான நிரல் இருக்கலாம். அதைக் கணினியின் மரத்தோடு ஒட்டுவதற்கு முன் பொறுப்பான ஒருவர் சம்மதிக்க வேண்டும் அல்லவா?

கோப்புப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறதே!

படிமத்தைப் பொருத்திவிட்டீர்கள். உள்ளே பார்த்தால் கோப்புப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஐஎஸ்ஓ 9660-இன் அடிப்படை நிலையில் கோப்புப் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து என்ற அளவுதான். ஆங்கிலப் பேரெழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே அனுமதி. தமிழுக்கு இடமில்லை. இக்குறையைப் போக்க இரண்டு இணைப்புகள் வந்தன. யூனிக்ஸ் உலகம் 'ராக் ரிட்ஜ்' என்பதைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் 'ஜோலியட்' என்பதைச் சேர்த்தது. ஜோலியட்டில் பெயர்கள் யூனிகோடு முறையில் 64 எழுத்து வரை இருக்கலாம்.

ஜோலியட் தட்டில் தமிழில் பெயர் வைத்திருந்தால், சில லினக்ஸ் அமைப்புகளில் அதைச் சரியாகக் காட்ட 'ஐஓகேர்செட்' என்னும் விருப்பத்தை 'யுடிஎஃப்8' என்று அமைத்துப் பொருத்த வேண்டும். படிமத்தைக் கழற்றி, இந்த விருப்பத்தோடு மறுபடி பொருத்தினால் கேள்விக்குறிகள் தமிழாக மாறும்.

பெயர்கள் கேள்விக்குறியாக இல்லாமல், ஐரோப்பிய மொழி எழுத்துகளின் கலவையாகத் தெரிந்தால் அது வேறு கதை. அவை திஸ்கி, டாப் போன்ற பழைய முறையில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். அப்போது குறியீட்டு மாற்றி மென்பொருள் உதவும். எது எப்படி ஆனாலும் படிமத்தில் உள்ள பைட்டுகள் மாறவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இன்று படிக்க முடியாததை நாளை இன்னொருவர் படிக்கலாம்.

படிமம் திறக்க மறுத்தால்

"தவறான கோப்பு முறைமை" என்ற பொருளில் பிழை வருவதுண்டு. பென் டிரைவ், நினைவட்டை, வன்தட்டு ஆகியவற்றின் முழுப் படிமங்களில் இது அடிக்கடி நேரும். அவற்றின் தொடக்கத்தில் இருப்பது கோப்பு முறைமை அன்று, பகிர்வு அட்டவணை. இன்றைய வட்டுகள் பலவற்றில் முதல் பகிர்வு 2,048-ஆவது பிரிவத்தில் தொடங்கும். அங்கே ஒரு பிரிவம் 512 பைட். எனவே 2,048 × 512 = 10,48,576 பைட் தள்ளித்தான் கோப்பு முறைமை இருக்கிறது. லினக்ஸில் 'லோசெட்டப்' என்னும் கட்டளை அட்டவணையைப் படித்து ஒவ்வொரு பகிர்வையும் தனிக் கருவியாகக் காட்டும். அதன் பிறகு வேண்டிய பகிர்வைப் பொருத்தலாம்.

வேலை முடிந்ததும் கழற்றுங்கள்

கழற்றும் கட்டளை 'யுமவுண்ட்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'யு'வுக்கும் 'மவுண்ட்'டுக்கும் இடையில் 'என்' எழுத்து வராது. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. "கருவி பயன்பாட்டில் உள்ளது" என்று கணினி மறுத்தால், அந்தக் கோப்புறைக்குள் ஏதோ ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஃபிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, சோலாரிஸ் ஆகியவற்றில் கழற்றிய பிறகு இடையாளையும் விடுவிக்க வேண்டும். லினக்ஸில் 'மவுண்ட்' தானே அமர்த்திய லூப் கருவி தானாக விடுபடும். படிக்க மட்டும் திறந்த படிமத்துக்குப் பாதகம் குறைவு. எழுதக்கூடிய படிமத்தையோ பென் டிரைவையோ கழற்றாமல் பிடுங்கினால், நினைவகத்தில் காத்திருக்கும் தகவல் எழுதப்படாமலே போகும்.

பழைய ஆவணங்களைப் பொறுத்தவரை எப்போதும் படிக்க மட்டும் என்ற முறையிலேயே பொருத்துங்கள். திருத்த வேண்டியதை வெளியே நகலெடுத்துத் திருத்துங்கள்.

ஒரே படி போதாது

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. இன்று நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் விளங்கும். ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் எளிய விதி இது: மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். உங்கள் படிமம் ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் உறவினரிடம் என்று இருக்கலாம்.

படிமத்தோடு ஒரு சிறு உரைக் கோப்பையும் வையுங்கள். தட்டின் மேல் எழுதியிருந்தது என்ன, யார் கொடுத்தது, எந்த நாளில் படிமம் எடுத்தீர்கள், ஷா-256 மதிப்பு என்ன ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பிறருடைய படங்களும் ஆவணங்களும் இருந்தால், அவர்களைக் கேட்காமல் பகிராதீர்கள்.

செய்து பாருங்கள்

1. குறுந்தட்டுப் பெட்டி இல்லையா? ஏதேனும் ஒரு லினக்ஸ் தளத்தின் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். அதன் ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு, வெளியீட்டாளர் தந்த மதிப்போடு ஒப்பிடுங்கள்.
2. அதைப் படிக்க மட்டும் பொருத்துங்கள். உள்ளே ஒரு கோப்பை அழிக்க முயலுங்கள். கணினி என்ன சொல்கிறது?
3. கழற்றிய பின் மறுபடி ஷா-256 கணக்கிடுங்கள். மதிப்பு மாறியதா? ஏன்?

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பழைய நெகிழ்வட்டு ஒன்றில் 2,880 பிரிவங்கள், ஒவ்வொன்றும் 512 பைட். அதன் படிமக் கோப்பின் அளவு என்ன?
2. ஒரு வட்டில் பத்தே பத்துச் சிறு கோப்புகள் இருந்தாலும் நெகிழ்வட்டுப் படிமத்தின் அளவு ஏன் குறையாது?
3. 'மவுண்ட்' கட்டளைக்கும் படிமக் கோப்புக்கும் நடுவில் இடையாள் தேவைப்படுவது ஏன்?

கலைச்சொற்கள்

வட்டுப் படிமம்: ஒரு வட்டின் எல்லாப் பிரிவங்களையும் வரிசை மாறாமல் கொண்ட கோப்பு.
பிரிவம்: வட்டில் ஒரே தடவையில் படிக்கப்படும் மிகச் சிறிய பகுதி.
கோப்பு முறைமை: எந்தக் கோப்பு எந்தப் பிரிவத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஒழுங்கு.
பொருத்துதல்: ஒரு வட்டின் கோப்பு மரத்தைக் கணினியின் மரத்தோடு இணைப்பது.
கழற்றுதல்: அந்த இணைப்பை முறையாக நீக்குவது.

முதல் வினாவின் விடை: 14,74,560 பைட். நெகிழ்வட்டின் மேல் 1.44 எம்.பி. என்று எழுதியிருப்பது இந்த அளவையே.